பாடும் பங்கும்

கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்குப் புதிதாக வந்து சேரும் குருவானவர், அவ்வூர்த் தமிழைப் புரிந்துகொள்ளச் சில திங்கள் ஆகும். சொற்கள் என்னவோ நம் சொற்களே, பொருள்தான் வேறு. விடியற்காலையில் படகைக் கரையேற்றுகிறவரைப் பார்த்து, “இன்றைக்குப் பாடு எப்படி?” என்று கேட்பார்கள். தவக்காலந்தோறும் ஆண்டவரின் திருப்பாடுகளைப் பற்றிப் பிரசங்கித்துப் பழகிய காதில் இக்கேள்வி விழுந்தால், ‘என்னே இம்மக்களின் பக்தி!’ என்று மனம் உருகத்தான் செய்யும். அவர்கள் கேட்பதோ மீன்பாட்டை. வலையில் மீன் பட்டதா, எவ்வளவு பட்டது என்பதே கேள்வி. “நல்ல பாடு” என்றால் அன்று வீட்டில் சிரிப்பொலி. “பாடு இல்லை” என்றால் அன்றுதான் உண்மையான பாடு!

தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே, மணப்பாடு, பெரியதாழை, உவரி, இடிந்தகரை என்று நீண்டு செல்லும் முத்துக்குளித்துறைக் கரையில் இப்படிப்பட்ட வேடிக்கைகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலாவது, குரல். உள்நாட்டு மக்கள் எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வந்தால், ‘இங்கே எல்லாரும் சண்டை போடுகிறார்களே’ என்று அஞ்சுவது வழக்கம். சண்டையன்று, நலம் விசாரிக்கிறார்கள்! இருபது முழத் தொலைவில் மற்றொரு படகில் நிற்பவனுக்கு, அலையோசைக்கும் காற்றுக்கும் மேலாகத் தன் சொல்லைக் கொண்டு சேர்க்கப் பழகிய தொண்டை அது. கரைக்கு வந்தபின் அதைத் தாழ்த்திக்கொள்ள எளிதில் இயலுமோ? இதனால் பெரிதும் இடர்ப்படுகிறவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் குருவானவர்தாம். “மெதுவாகச் சொல்லும், மெதுவாகச் சொல்லும்” என்று அவர் இரந்து கேட்க வேண்டியிருக்கும். வரிசையில் நிற்பவர்களோ மிகுந்த பெருந்தன்மையோடு ஒரு பாகம் பின்னுக்கு நகர்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டாவது, பெயர். 1535-க்கும் 1537-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இக்கரையின் பரதவர் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். புனித சவேரியார் 1542-இல் இங்கு வந்து அவர்களுக்கு மறைக்கல்வி ஊட்டினார். அக்காலத்தில் தொடங்கிய போர்த்துக்கேயத் தொடர்பால் பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ, மிராண்டா, மச்சாது முதலிய குடும்பப் பெயர்கள் இங்கே வேரூன்றின. புனிதர்களின் பெயர்களோ எண்ணிச் சூட்டும் அளவினவே. ஆகவே ஒரே தெருவில் சவேரியார் பர்னாந்து என்ற பெயருடைய மூவரோ நால்வரோ இருப்பது வியப்பன்று. கோயிலில் கலியாண ஓலை வாசிக்கும்போது மாப்பிள்ளையின் பெயர் காதில் விழுந்ததும் நான்கு இளைஞர்களின் தாய்மார் ஒருமிக்க நிமிர்ந்து பார்ப்பார்கள். தபால்காரருக்கும் இதே தொல்லை.

இத்தொல்லையைத் தீர்க்கவே பட்டப்பெயர் பிறந்தது. ஒருவர் என்றோ ஒரு பெரிய சுறாவைப் பிடித்து வந்திருப்பார்; அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் ‘சுறா வீட்டார்’. அவர்களுள் ஒருவர் கடலையே காணாத ஆசிரியராகவோ கணக்கராகவோ வேறெங்கோ இருக்கலாம்; ஊருக்குள் வந்து இறங்கியதும் அவர் சுறாதான். ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதாத அந்தப் பெயரைத்தான் ஊர் மறவாது.

மூன்றாவது, சாப்பாடு. வெள்ளிக்கிழமையன்று இறைச்சியை விலக்கிச் சுத்தபோசனம் காக்க வேண்டும் என்பது திருச்சபை ஒழுங்கு. மீனுக்கு விலக்கில்லை. இவ்வொழுங்கை எங்கள் மக்களைப்போல் மகிழ்ச்சியோடு அனுசரிப்பவர் உலகில் வேறெவரும் இருக்க முடியாது. நல்ல சீலா மீனை வாழையிலையளவு துண்டாக வெட்டி, மிளகாய் தடவிப் பொரித்து, “இன்றைக்குச் சுத்தபோசனமாயிற்றே, சாமி” என்று பக்தியோடு பரிமாறுவார்கள். இவர்களுக்குத் தவம் செய்ய வேண்டுமென்றால் கத்தரிக்காய்ச் சாம்பார்தான் தகுந்த கருவி. தவக்காலம் நாற்பது நாளும் மீனைத் தொடாமல் பருப்புக்குழம்போடு கழிக்கும் மூதாட்டியர் சிலரும் எங்கள் ஊரில் உண்டு. நேற்றைய சாளைக்குழம்பு மறுநாள் காலையில் எவ்வளவு ருசிக்கும் என்பதை அறிந்தவர்களே அவர்களுடைய தவத்தின் அளவை உணர முடியும்.

இனிக் கரைக்குச் செல்வோம். ஊரின் உயிர்நிலை அதுவே.

படகு மணலைத் தொட்டதும் ஏலம் தொடங்குகிறது. ஏலம் என்ற அச்சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றது என்பர்; மேசையும் ஜன்னலும் சாவியும் அலமாரியும் வந்த வழியேதான் அதுவும் வந்தது. குவித்த மீனைச் சுற்றி வியாபாரிகளும் தலைச்சுமைப் பெண்களும் நிற்பார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்மணி ஒருத்தி, இத்தனை சாளை இத்தனை ரூபாய்க்கு எடுத்தால், வண்டிக்கூலி போக, அடுத்த ஊர்ச் சந்தையில் என்ன மிஞ்சும் என்பதை ஏலக்காரர் மூச்சு வாங்குவதற்குள் கணக்கிட்டு விடுவாள். நம் பிள்ளைகள் கணிதத் தேர்வுக்கு முன்னர் ஒரு திங்கள் இக்கரையில் வந்து நின்றால் நலம்.

ஏலம் முடிந்தால் பங்கு. எரிபொருள், பனிக்கட்டி, சாப்பாடு ஆகிய செலவு போக மிஞ்சுவதில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். முறை ஊருக்கு ஊர் மாறும். தொழிலுக்குத் தொழில் மாறும். ஆயினும் படகும் வலையும் ஓர் ஆளைப்போலவே பங்கு வாங்கும் என்பது பொது. கோயிலுக்கும் ஒரு பகுதி உண்டு. பல ஊர்களில் அதைத் தண்டும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம்.

இவையெல்லாம் கணக்கில் எழுதும் பங்குகள். கணக்கில் எழுதாத பங்கு ஒன்றும் உண்டு. அதைப் பற்றிச் சொல்லவே இத்தனையும் சொன்னேன்.

ஏலத்துக்குக் குவிக்கும் முன்னரே, தொழிலுக்குப் போன ஒவ்வொருவனும் வீட்டுக் கறிக்கென்று சில மீனை எடுத்துக்கொள்வான். படகைக் கரையேற்றத் தோள் கொடுத்தவனுக்குச் சில. பள்ளிக்குப் போகுமுன் அங்கே ஓடிவந்து கயிற்றில் கைவைத்த சிறுவனுக்கு இரண்டு நெத்திலியாவது கிடைக்கும். அவன் இழுத்தானா, கயிற்றில் தொங்கினானா என்று எவரும் விசாரிப்பதில்லை. இவர்களுக்கு அப்பால், ஓலைப்பெட்டியோடு சற்று ஒதுங்கி நிற்பாள் ஒரு கைம்பெண். அவள் கேட்பதில்லை. கொடுப்பவனும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. போகிற போக்கில் ஒரு கை மீன் அவள் பெட்டியில் விழும். அவ்வளவுதான். கொடுத்தேன் என்ற பெருமையும் இல்லை, வாங்கினேன் என்ற கூச்சமும் இல்லை.

இதனைத் தருமம் என்று சொன்னால் எங்கள் மக்களுக்குக் கோபம் வரும். தருமம் என்பது இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது. கரையிலோ, இன்று இருப்பவன் யார், நாளை இல்லாதவன் யார் என்பதைக் கடல்தான் அறியும். 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முடிவில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் சீறியபோது, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர் கரை திரும்பவில்லை. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் பல கடற்கரைப் பங்குகளில் குடில் விளக்கின்றியே கழிந்தது. பெட்டியோடு ஒதுங்கி நிற்கும் இடத்தில் என்றேனும் தன் மனைவியே நிற்க நேரலாம் என்பதைப் படகேறும் ஒவ்வொருவனும் அறிவான். அந்த ஒரு கை மீன் அவன் ஊரிடம் போட்டுவைக்கும் சேமிப்பு. ரசீது இல்லாத காப்புறுதி.

இவ்வழக்கம் இன்று மெல்லத் தேய்ந்து வருவதைக் காண்கையில் வேடிக்கை பேசும் நாவும் சற்று நின்றுவிடுகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடற்கோளுக்குப் பின் கட்டுமரங்கள் விரைவாகக் குறைந்து, அவற்றின் இடத்தில் எந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. பாடு கூடிற்று, செலவும் கூடிற்று, கடன் அதனினும் கூடிற்று. ஆழக் கடலிலேயே மீன் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போய்விடுகிறது. பெட்டி கரையில் இறங்கித் தராசில் ஏறி, அங்கிருந்து நேரே லாரிக்குச் சென்றுவிடுகிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள்களில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் விலை ஏறி நிற்கும். அப்போது சிறு படகுக்காரனின் கை இன்னும் இறுகும். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வட்டிக்காரர் அவனுக்கு ஒரு நெத்திலியளவும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆயினும், கிலோக்கணக்கு வந்தபின் ‘ஒரு கை’ என்ற அளவு மறைந்துபோகிறதே! தராசுக்குக் கண்ணுண்டா, ஒதுங்கி நிற்பவளைக் காண?

பாஸ்கு காலத்தில் ஒரு மாலை, கோயில் வாசலில் கடற்காற்று வாங்க அமர்ந்திருந்த முதியவர் ஒருவரோடு இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எண்பதைக் கடந்தவர், கட்டுமரத்தில் தொழில் செய்தவர். அன்று காலைப் பூசையில் வாசித்தது யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தோன்றுவதும், வலை நிறைய 153 பெரிய மீன்கள் கிடைப்பதும் அதில் வருகின்றன. இந்த 153 என்னும் எண்ணுக்குத் திருச்சபைத் தந்தையர் கூறும் விளக்கங்களைக் குருமடத்தில் படித்ததுண்டு. உலகில் 153 வகை மீன்கள் உண்டென்று முன்னோர் கருதியதால், எல்லா மக்களினத்தாரையும் அது குறிக்கும் என்பது புனித ஜெரோமின் கருத்து. ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும். பதினேழு என்பது பத்துக் கட்டளைகளும் பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளும் சேர்ந்தது என்பது புனித அகுஸ்தீனாரின் கருத்து. இவற்றை அவரிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் பெரியவங்க சொன்னது, சரியாத்தான் இருக்கும் சாமி. ஆனா அவங்க எதுக்கு எண்ணுனாங்கன்னு கடற்கரையில பிறந்தவனுக்குத் தெரியும். எண்ணாம எப்படிப் பங்கு போடுறது?” என்றார்.

“அப்படியானால் பங்கு போட்டுக் காட்டும், பெரியவரே” என்றேன்.

“படகுல எத்தனை ஆளு?”

நற்செய்தியில் எழுதியபடி எண்ணினேன். இராயப்பர், தோமையார், நத்தனயேல், செபதேயுவின் மக்கள் இருவர், பெயர் குறிப்பிடாத சீடர் இருவர். ஆக எழுவர்.

“ஏழு ஆளுக்கு ஏழு பங்கு. படகுக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு. மொத்தம் ஒன்பது. இப்ப வகுத்துப் பாருங்க.”

வகுத்துப் பார்த்தேன். 153-ஐ ஒன்பதால் வகுத்தால் சரியாகப் பதினேழு, மீதி இல்லை! அகுஸ்தீனாரின் பதினேழு, எங்கள் ஊர்க் கடற்கரைக் கணக்கிலும் வந்து நிற்கிறது. வேதசாத்திரிகள் இதனை ஏற்பார்களோ, அறியேன். ஆனால் கணக்கில் பிழை காண அவர்களாலும் இயலாது.

எனினும் நான் விடவில்லை. “எல்லாம் சரி. ஒன்பது பங்கும் போட்டபின் ஒரு மீனும் மிஞ்சவில்லையே. ஓலைப்பெட்டியோடு நின்ற கைம்பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள்?”

முதியவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “என்ன சாமி, இது தெரியாதா? அதை எண்ணுறதுக்கு முன்னாலேயே கொடுத்திருப்பாங்க. எண்ணுன பிறகு எவன் கொடுப்பான்?”

அன்றிரவு அந்த அதிகாரத்தை மீண்டும் எடுத்து வாசித்தேன். பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவரும்படி ஆண்டவர் கேட்பது முதலில் வருகிறது. 153 என்னும் எண்ணிக்கை அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது.

கத்தோலிக்கக் குடும்பத்தாரே, நம் ஞான வாழ்வின் வீட்டுக்கு முன்னோர் ‘பங்கு’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கரையில் பிரிப்பதும் பங்கு, கோயிலில் கூடுவதும் பங்கு. கடலுக்குப் போகிறவராயினும், மாதச் சம்பளம் வாங்குகிறவராயினும், தராசிலோ புத்தகத்திலோ கணக்குப் போடத் தொடங்குமுன் ஒரு கை எடுத்துவையுங்கள். எண்ணி முடித்தபின் மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்றிருந்தால் மிஞ்சாது. 153 மீன் பிடித்தவர்களுக்கே ஒன்றும் மிஞ்சவில்லையே!