டிராக்டர் டிரெய்லருக்குப் பின்விளக்கு

ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிரெய்லரில் பின்விளக்கு எரியாவிட்டால், இருட்டில் பின்னால் வருபவருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். உயிர்ச்சேதமும் நேர்கிறது.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பல சமயம் பல்பு காரணமல்ல. எர்த் வயரே காரணம். கொக்கி வழியாகவே எர்த் கிடைக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கொக்கியில் துருவும் சேறும் படிந்தால் மின்சாரம் தடைப்படும். எனவே டிரெய்லரிலிருந்து டிராக்டர் வரை எர்த்துக்குத் தனி வயர் இழுப்பது அவசியம். வயர் முடியும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். திருப்பங்களில் அறுந்து போகாதபடி கொக்கியருகே வயரைச் சற்றுத் தொய்வாக விடவும். பாட்டரியிலிருந்து வரும் வயரில் பியூஸ் இருக்கட்டும்.

சாலையில் ஏறுமுன் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டி போட்டு இணைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் டிராக்டர் அந்தப் பக்கமே திரும்பிவிடும்.

பாரம் ஏற்றியபின், கரும்புத் தோகை விளக்கை மறைக்கிறதா என்று ஒருமுறை பின்னால் சென்று பார்ப்பது நல்லது.