பட்டமும் பக்தியும்

உத்திரமேரூர்ப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நம் பெண்பிள்ளைகள் கல்லூரிக் கல்விக்காக நாள்தோறும் பேருந்தேறுகின்றனர். படிப்பு வளர்ந்தால் பக்தி குன்றிவிடுமோ எனப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். அத்தகையோர் ஒரு யூதப் பெண்மணியின் வாழ்வை அறிதல் நலம்.

கொங்கணக் கடற்கரையில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பெனே இஸ்ரயேல் என்னும் யூத மரபினர் டாக்டர் ஜெருஷா ஜிராத். 1890-இல் சிமோகாவில் பிறந்த இவர், பம்பாயில் மருத்துவம் கற்று, இலண்டனில் அரசு உதவித்தொகையுடன் பயின்றார்; 1919-இல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். 1928 முதல் 1947 வரை பம்பாய் காமா மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். பேறுகாலத்தில் தாய்மார் இறப்பதன் காரணங்களை ஆராய்ந்தார். 1966-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இத்துணைக் கல்வியும் அவரைத் தொழுகையிலிருந்து பிரிக்கவில்லை. இலண்டனில் தாம் அறிந்த சீர்திருத்த யூத நெறியால் ஊக்கம் பெற்று, 1925-இல் பம்பாயில் யூத சமயச் சங்கத்தை நிறுவினார். 1983-இல் மறைந்தார்.

பெற்றோரே! கல்லூரி செல்லும் மகளையே குடும்பச் செபத்தில் இறைவாக்கை வாசிக்கச் செய்யுங்கள். அவள் ஐயம் எழுப்பினால் தடுக்காதீர்கள். உடனமர்ந்து விடை தேடுங்கள்.