அயல்நாட்டில் வளரும் குழந்தைகளும் பிரெஞ்சு மொழிப்பேணலும்

பிரான்சுக்கு வெளியே வளரும் பிரெஞ்சுக் குழந்தை, பள்ளியில் சேர்ந்தபின் பெற்றோரின் பிரெஞ்சு வினாவுக்குப் பள்ளிமொழியில் விடையளிக்கத் தொடங்குவதுண்டு. புரிதல் நிலைத்திருக்கப் பேச்சுத் தேய்வது மொழியிழப்பின் முதற்படியாகும்.

இதற்குத் தீர்வாக 'ஒருவர்க்கு ஒரு மொழி' என்னும் நெறி பெரிதும் எடுத்துரைக்கப்படுகிறது. மொழியறிஞர் மொரீஸ் கிராமோன் கூறிய இந்நெறியின்படி, ஜூல் ரோன்ஜா தம் மகனிடம் பிரெஞ்சிலும், அவர்தம் மனைவி ஜெர்மன் மொழியிலும் பேசினர். குழந்தை இரண்டையும் இயல்பாகக் கற்றதை ரோன்ஜா 1913இல் நூலாக வெளியிட்டார்.

எனினும், பிரெஞ்சைப் பொறுத்தவரை பேச்சு மட்டும் போதாது. 'பேசுகிறேன்', 'பேசுகிறாய்', 'பேசுகிறார்கள்' என்பவற்றுக்குரிய வினைவடிவங்கள் எழுத்தில் மூன்று. ஒலியில் 'பார்ல்' என ஒன்றே. பெயர்ச்சொற்களின் பன்மை விகுதியும் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. செவிவழி மட்டும் கற்ற குழந்தைக்கு இவ்வேறுபாடுகள் புலப்படா. தாயகம் திரும்பிக் கல்வியைத் தொடர்கையில் அது இடர்ப்படும்.

எனவே பெற்றோர் கருதத்தக்கன மூன்று:

1. குழந்தை பிறமொழியில் விடையளித்தால் கடிந்துகொள்ளாது, அதனையே பிரெஞ்சில் சொல்லி உரையாடலைத் தொடர்தல்.

2. நாள்தோறும் கதைநூலை உரக்கப் படித்து, குழந்தையின் கண் எழுத்தைத் தொடருமாறு செய்தல்.

3. பிரெஞ்சு பேசும் ஒத்த வயதினரோடு பழகச் செய்தல். இத்தகைய குழந்தைகளுக்கென வகுப்பு நடத்தும் சங்கங்களுக்கு உதவும் திட்டமொன்றைப் பிரெஞ்சு அரசு 2001இல் தொடங்கியது.

பெற்றோரிடம் மட்டுமே வழங்கும் மொழியைக் குழந்தை எளிதில் கைவிடும். தோழரோடும் நூலோடும் வழங்கும் மொழி அதற்குத் தேவையாகிவிடுகிறது.