புற்றுநோயாளிக்குச் சதை கரைவது ஏன்? வீட்டார் செய்ய வேண்டியது என்ன?



உறுவையாறு, வில்லியனூர், பாகூர் பக்கங்களிலிருந்து புற்றுநோய் வைத்தியத்துக்காகக் கோரிமேடு ஜிப்மருக்குப் போய்வரும் குடும்பங்கள் உண்டு. அங்கே 2002 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்கி வருகிறது. ஊசி மருந்தோ, கரண்டு வைப்பதோ, ஆபரேஷனோ எதுவானாலும் அதைத் தாங்க நோயாளியின் உடம்பில் சதை வேண்டும். அந்தச் சதையைக் காக்கும் வேலையில் பெரும்பங்கு வீட்டு அடுப்படியில்தான் நடக்கிறது.

"சிஸ்டர், மூணு வேளையும் கஞ்சி குடுக்கிறேன். அப்பவும் உடம்பு எலும்பும் தோலுமா ஆகுதே, ஏன்?"

நம் தசை மண்சுவர் மாதிரி. தினமும் கொஞ்சம் கரையும். தினமும் கொஞ்சம் பூசப்படும். பூசும் மண்தான் புரதச் சத்து. புற்றுநோய் வந்தால் கட்டியிலிருந்தும், அதை எதிர்த்து நிற்கும் உடம்பிலிருந்தும் சில அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவை தசையைக் கரைக்கின்றன, பசியையும் அடக்குகின்றன. கரைவது கூடி, பூசுவது குறைகிறது. இதனால்தான் சாதாரணப் பட்டினியில் கொழுப்பு முதலில் குறைய, இந்த நோயில் தசையும் சேர்ந்தே கரைகிறது. வெறும் கஞ்சியில் மாவுச்சத்து அதிகம், புரதம் குறைவு. அது மட்டும் போதாது.

"இது எப்படித் தெரியும்?"

6 மாதத்தில் எடை நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் தானாகக் குறைந்தால் கவனிக்க வேண்டும். 50 கிலோ ஆளுக்கு அது இரண்டரை கிலோ. வளையல் கழன்று விழுவது, நெற்றிப்பொட்டுக் குழிவது, கையை ஊன்றாமல் எழ முடியாதது இவையும் அடையாளங்கள். காலிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் எடை குறையாத மாதிரி தெரியும், ஏமாற வேண்டாம்.

"முட்டை, மீன் குடுத்தா கட்டிக்குத் தீனி போட்ட மாதிரின்னு சொல்றாங்களே?"

இது தவறான எண்ணம். நீங்கள் கொடுக்காவிட்டால் கட்டி பட்டினி கிடக்காது; நோயாளியின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பத்தியம் என்று சொல்லி முட்டை, மீன், பருப்பை நிறுத்தினால் மெலிவது நோயாளிதான். தசை குறைந்தவர்களுக்கு மருந்தின் பக்க விளைவு அதிகமாகும். அதனால் ஊசியைத் தள்ளிப்போடவோ, மருந்தின் அளவைக் குறைக்கவோ நேரிடலாம்.

"எவ்வளவு குடுக்கணும்?"

எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோ ஆளுக்கு நாளுக்கு 50 முதல் 75 கிராம். ஒரு நாள் கணக்கு இதோ:

வேகவைத்த முட்டை 2 – சுமார் 12 கிராம்
பால் அல்லது தயிர், 2 டம்ளர் (400 மில்லி) – சுமார் 12 கிராம்
பருப்பு 50 கிராம் – சுமார் 11 கிராம்
மீன் 100 கிராம் – சுமார் 18 கிராம்
வேர்க்கடலை அல்லது பொட்டுக்கடலை, ஒரு கைப்பிடி (30 கிராம்) – சுமார் 7 கிராம்

ஆக 60 கிராம். சோறு, இட்லியில் உள்ளது தனி. சைவக்காரர்கள் முட்டை, மீனுக்குப் பதிலாகச் சுண்டல், சோயா, கூடுதல் தயிர் சேர்க்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

"ரெண்டு வாய்க்கு மேல எறங்கலையே?"

மூன்று வேளையை ஆறு வேளையாக்குங்கள். வாய்ப்புண் இருந்தால் காரம், புளிப்பைத் தவிர்த்துக் குழைத்த பருப்புச் சாதம், பால் விட்ட பொட்டுக்கடலைக் கஞ்சி கொடுங்கள். வாந்தி, வலி, மலச்சிக்கல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. விழுங்கவே முடியாவிட்டால் காத்திருக்காமல் உடனே போங்கள். பச்சை முட்டை, காய்ச்சாத பால் ஆகாது.

படுத்தே கிடந்தாலும் தசை கரையும். டாக்டர் தடுக்காவிட்டால் காலையும் மாலையும் பத்து நிமிஷம் தெருவில் மெல்ல நடக்கட்டும். நாற்காலியிலிருந்து ஐந்தாறு முறை எழுந்து உட்காரட்டும்.

"என்ன குடுத்தும் உடம்பு ஏறலையே, என் சமையல்தான் சரியில்லையா?"

இல்லை அம்மா. நோய் முற்றிய நிலையில் உணவு மட்டும் சதையைத் திருப்பித் தராது. அது சமைத்தவர் குற்றமும் அல்ல, சாப்பிடாதவர் பிடிவாதமும் அல்ல. அப்போது வற்புறுத்தி ஊட்டாதீர்கள். கேட்டதை, கேட்ட நேரத்தில், கேட்ட அளவில் கொடுங்கள். வலி தணிக்கும் சிகிச்சை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

15 நாளுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்து நோட்டில் குறியுங்கள்.
ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரத உணவு இருக்கட்டும்.
எடை குறைந்தால் அடுத்த ஊசி வரை பொறுக்காமல் சொல்லுங்கள்.

கரைந்த பின் சேர்ப்பது கடினம். கரையாமல் காப்பது எளிது!