எத்தனை ஏ?

எஸ்பிஎம் முடிவு வெளியான அன்று என் கைப்பேசிக்கு வந்த முதல் அழைப்பு அண்ணியிடமிருந்து. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "எத்தனை ஏ?" என்றார்.

அப்போதுதான் மகள் பள்ளி மண்டபத்திலிருந்து வந்து காரில் ஏறி, முடிவுத்தாளை என் மடியில் வைத்திருந்தாள். எட்டுப் பாடங்கள். தமிழ் பி+, ஆங்கிலம் பி, நன்னெறி பி, மலாய் சி+, வணிகம் சி+, கணிதம் சி, அறிவியல் டி, வரலாறு டி. கண்ணை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். ஓர் ஏ கூட இல்லை.

"இன்னும் தெரியல அண்ணி. லைன் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன். மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிள்ளான் சாலை நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காரை நிறுத்தியபோது மட்டும், "ஏம்மா பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் பூசை அறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பத்திரிகைகளில் படங்கள் வந்தன. 9ஏ, 10ஏ எடுத்த பிள்ளைகள், பக்கத்தில் பெற்றோர், கையில் முடிவுத்தாள். அந்தப் படங்களைப் பார்த்து மகிழ்ந்து, வெட்டிக்கூட வைத்திருக்கிறேன், மற்ற ஆண்டுகளில். அவர்களுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்காத சிறந்த மாணவர்களுக்காக ஆண்டுதோறும் நம் சமூகம் குரல் கொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆறு கிரெடிட் எடுத்த பிள்ளைக்கு அடுத்து என்ன என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவள் தோற்கவும் இல்லை, செய்தியாகவும் இல்லை. அந்த மாதிரிப் பிள்ளையைப் பெற்றவர்கள்தான் அவசரத்தில் எதையாவது செய்துவிடுகிறோம். நாங்களும் செய்தோம்.

முடிவு வந்த முதல் சனிக்கிழமை ஷா ஆலமில் ஒரு கல்விக் கண்காட்சி. என் கணவரும் நானும் மகளை அழைத்துக்கொண்டு போனோம். ஒரு தனியார் கல்லூரியின் முகப்பில் கழுத்துப்பட்டை அணிந்த நம் பையன் ஒருவன். "வாங்க ஆண்டி, வாங்க அங்கிள்" என்று நாற்காலி இழுத்துப் போட்டான். முடிவுத்தாளைப் பார்த்துவிட்டு, "சூப்பர் ரிசல்ட் இது!" என்றான். ஒரு வாரமாக யாரும் சொல்லாத வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்கு நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

லொஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா, இரண்டரை ஆண்டு, எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. இன்றே பதிந்தால் கழிவு உண்டு, நாளை கிடையாது. நான் வேலை செய்வது துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில். லொஜிஸ்டிக்ஸ் என்றதும் தெரிந்த துறைதானே என்று தோன்றியது. பிடிபிடிஎன் கடன் போக மீதிக்கு, "அங்கிளோட ஊழியர் சேமநிதியில எடுக்கலாமே" என்றும் அவனே வழி காட்டினான். அது உண்மைதான். பிள்ளைகளின் உயர்கல்விக்காக அக்கவுன் செஜாதெராவிலிருந்து எடுக்க அனுமதி இருக்கிறது. என் கணவர் இருபத்தொரு வருடம் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டிச் சேர்த்த பணம் அது. அவர் தலையாட்டினார். பதிவுக் கட்டணம் 500 வெள்ளியைக் கட்டினோம். மகள் அந்தப் பையன் நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நான் உட்பட.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னேன். எதிர் மேசையில் இருக்கும் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. "கோர்ஸுக்கு எம்கியூஏ நம்பர் பாத்தீங்களாக்கா?" என்றாள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உணவு நேரத்தில் அவளே கைப்பேசியில் தேடிக் காட்டினாள். எம்கியூஏ என்பது உயர்கல்வித் தரத்தைச் சரிபார்க்கும் அரசாங்க அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கல்லூரியின் பெயரைத் தட்டினால் ஒவ்வொரு படிப்பும் தனித்தனியாக வரும். எண்ணில் 'எஃப்ஏ' என்று இருந்தால் முழு அங்கீகாரம், 'பிஏ' என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம். நாங்கள் பணம் கட்டிய படிப்புக்கு 'பிஏ' என்றிருந்தது. அந்தப் பையன் எங்களிடம் சொன்னது முழு அங்கீகாரம்.

தற்காலிக அங்கீகாரம் என்றால் மோசடி என்று அர்த்தமில்லை. புதிய படிப்பு எதுவும் அப்படித்தான் தொடங்கும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போது முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பார்கள். ஆனால் அந்த முதல் அணியில் என் மகள் இருக்க வேண்டுமா என்பதை நான் முடிவு செய்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் மறைத்தால், வேறு எதையெல்லாம் மறைத்தார்களோ?

அந்தப் பெண் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். எஸ்பிஎம்மில் ஒரு கிரெடிட் இருந்தால் சான்றிதழ் நிலைப் படிப்பு, மூன்று இருந்தால் டிப்ளோமா, ஐந்து இருந்தால் பல்கலைக்கழக அடிப்படைக் கல்வி. இவை குறைந்தபட்சத் தகுதிதான். துறைக்குத் துறை கூடுதல் நிபந்தனை உண்டு. சி வரைக்கும் கிரெடிட் என்பதால் என் மகளிடம் ஆறு இருந்தது. வரலாற்றில் டி என்று நான் அழுததற்கும் அர்த்தமில்லை. மலாயும் வரலாறும் தேறாவிட்டால்தான் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காது. டி என்பது தேர்ச்சிதான். எங்கள் தாமானிலேயே ஒரு பையன் ஆங்கிலத்தில் ஏ எடுத்தும் வரலாற்றில் தேறாமல் மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

அவள் போன வழி பொலிடெக்னிக். அரசாங்கத்தில் கட்டிய கட்டணம் பருவத்துக்குச் சில நூறு வெள்ளி. டிப்ளோமாவோடு மலாக்கா யுடெம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் முடித்தாள். "எனக்கும் ஒரு ஏ கூட இல்லக்கா" என்றாள் சிரித்துக்கொண்டே. மூன்று வருடமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு எத்தனை ஏ என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

கடைசியாக, "சரி, பிள்ள என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போது மகளிடம் கேட்டேன். "பணம் கட்டிட்டீங்கல்ல, போறேன்" என்றாள். நான் விடவில்லை. வெகுநேரம் கழித்து, "டீச்சராகணும்னு ஐந்தாம் ஆண்டிலேர்ந்து சொல்றேன். நீங்கதான் மறந்துட்டீங்க" என்றாள்.

மறக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எஸ்பிஎம் முடித்தவுடன் சேர்வதற்குக் குறைந்தது 5ஏ வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவு மூடிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று லொஜிஸ்டிக்ஸ் பக்கம் இழுத்துப் போயிருந்தேன். அவளுக்கோ எனக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. ஆறாம் படிவத்தில் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம், எஸ்டிபிஎம் முடிவு நன்றாக வந்தால் தஞ்சோங் மாலிம் உப்சியில் தமிழ்க் கல்வி பட்டப்படிப்பு இருக்கிறது, மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் படிக்க வழி உண்டு என்று ஒப்பித்தாள். தமிழ் ஆசிரியையிடம் கேட்டு வைத்திருக்கிறாள். "அன்னிக்கு அந்த மேசையில சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "நீங்க அழுதுட்டீங்களேம்மா."

என் கணவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பயத்தில் நியாயம் இருந்தது. "எஸ்டிபிஎம் சுலபமில்ல. எஸ்பிஎம்லயே இவ்வளவுதான். ஒன்றரை வருஷம் போயி ஒண்ணுமில்லன்னா?" என்றார். பள்ளியில் போய் ஆலோசக ஆசிரியையைப் பார்த்தோம். அவர் இனிப்பாகப் பேசவில்லை. கடினம்தான், தினமும் படிக்க வேண்டும், ஆங்கிலத்துக்கு மூயெட் தேர்வும் எழுத வேண்டும், இந்த மலாய் மொழி போதாது என்றார். ஆனால் இப்போது எஸ்டிபிஎம் மூன்று பருவமாக நடக்கிறது. எல்லாம் ஒரே தேர்வில் முடிந்துவிடாது. பாடத்திட்டப் பணிக்கும் புள்ளி உண்டு. முதல் இரண்டு பருவத் தாள்களில் குறைந்தால் மறுபடி எழுதவும் வழி இருக்கிறது என்றார். கண்காட்சியில் கேட்ட "சூப்பர்" அங்கே கேட்கவில்லை. ஆனாலும் வெளியே வந்தபோது என் கணவர், "முதல் பருவம் பாப்போம். அதுக்கப்புறம் பேசலாம்" என்றார். சேமநிதிப் பாரத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். கிழிக்கவில்லை.

முழு அங்கீகாரம் என்று சொன்னதைக் குறிப்பிட்டுக் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில் சிறிய எழுத்தில் இருந்ததாம். மூன்று முறை எழுதிவிட்டேன். அந்த 500 வெள்ளி இன்னும் வரவில்லை.

மகள் மறுபடி சீருடை போட்டுக்கொண்டு போகிறாள். ஐந்தாம் படிவத் தோழிகள் கல்லூரிப் படங்களை இன்ஸ்டாகிராமில் போடும்போது அது அவளுக்கு எளிதில்லை. தமிழ், வணிகம், புவியியல், எல்லாருக்கும் கட்டாயமான பெங்காஜியான் ஆம் என்று நான்கு பாடம். அவள் பள்ளியில் தமிழுக்கு ஆசிரியர் இல்லை. சனிக்கிழமை வெளியே வகுப்பு. நான்தான் கொண்டுபோய் விட்டு, காரிலேயே காத்திருந்து அழைத்து வருகிறேன். முதல் பருவ முடிவு வந்தது. தமிழ் ஏ-. பெங்காஜியான் ஆம் சி. அதை மறுபடி எழுதப் போகிறாளாம். என் கணவர் தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "தமிழ் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். இழுப்பறையைத் திறக்கவில்லை.

வரும் ஞாயிறு அண்ணி வீட்டில் விசேஷம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், கேட்பார்கள். என்ன சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா, நானே சொல்லிக்கிறேன்" என்றாள். எந்தச் சேலை கட்டுவது என்பதில்தான் இப்போது எங்களுக்குள் சண்டை.