அவர் வேண்டுமென்று மறப்பதில்லை

2006ஆம் ஆண்டு மாவிலாற்றுச் சண்டையோடு வெருகலிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்து, பின்னர் ஊர் திரும்பிய குடும்பங்களிடம் நாம் கேட்ட முறைப்பாடு ஒன்று உண்டு. "காயம் எப்பவோ ஆறிட்டுது பாதர். ஆனால் மனுசன் ஒரு வேலையும் ஒழுங்காச் செய்யிறதில்லை."

ஷெல் துண்டு பட்டோ, மோட்டார் சைக்கிளால் விழுந்தோ தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு வெளிக்காயம் மாறிய பின்னும் ஞாபகக் குறைவு நிலைத்துவிடலாம். இது சோம்பலுமல்ல, பைத்தியமுமல்ல. புதிய செய்திகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதி பழுதடைந்தால், பழையவை இருக்கும்; காலையில் சொன்னது நில்லாது.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக அப்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் சந்தித்தவர்களை அவர் சற்று நேரத்தில் மறந்துவிடுவார். எனினும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் கடினமான பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முன்பு அதைச் செய்ததே அவருக்கு ஞாபகமில்லை. கைக்கு வேறு ஞாபகம் உண்டென்பது அப்போது தெரியவந்தது.

ஆகவே வரம்பு கட்ட உங்கள் வீட்டுக்காரர் மறக்கமாட்டார். எந்த வயலுக்கு உரம் எறிந்தாயிற்று என்பதையே மறப்பார். ஒரு வீட்டில் ஒரே வயலுக்கு இரண்டு தடவை யூரியா போய், பயிர் சாய்ந்து, பெரிய சண்டையாயிற்று. இப்போது எறிந்து முடித்த கையோடு வரம்பு மூலையில் துணி கட்டிய தடியொன்றை நாட்டுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது உதவும்.

திறப்பு, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி யாவும் என்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். சட்டைப்பைக்குள் சிறு கொப்பியொன்று கொடுங்கள். கொடுத்தால் மட்டும் போதாது. கொப்பி இருப்பதையே அவர் மறந்துவிடுவாரே! காலைத் தேநீரோடும் மாலைத் தேநீரோடும் அதைத் திறந்து பார்க்கப் பல வாரங்கள் கூட இருந்து பழக்குங்கள். குளிசை நேரத்துக்குத் தொலைபேசியில் மணி வையுங்கள்.

"யோசிச்சுப் பாருங்கோ, நேற்று யார் வந்தது?" என்று சோதிக்காதீர்கள். ஊகித்துச் சொன்ன பிழையான விடையே அவருக்குள் பதிந்துவிடும். பிழையென்று திருத்தியது நில்லாது. சரியானதை நீங்களே முதலில் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். சிறிது இடைவெளி விட்டு மீண்டும் கேளுங்கள். களைத்திருக்கும்போது வேண்டாம்.

பூச்சிமருந்து கலக்கும் வேலையை அவரிடம் தனியே விடாதீர்கள். காணிப் பத்திரத்தில் ஒப்பமிடும்போது நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். மது மறதியை இன்னும் கூட்டும்.

மறதி திடீரெனக் கூடினாலோ, தலையிடியோடு வாந்தி, வலிப்பு, எழுப்பமுடியாத தூக்கம் கண்டாலோ, பொழுது விடியட்டுமென்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தலையில் எப்போது அடிபட்டது என்பதை மறவாமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.