பந்தயக் காரும் பாதைக் காரும்

கோயில் திருவிழாவையொட்டி மேலூர்ப் பக்கத்து ஊர்களில் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும். சிறு வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சாலையோரம் நின்றிருக்கிறேன். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்த வண்டிகளைக் கண்டு, "நம்ம வண்டி ஏன் தாத்தா இப்படி ஓட மாட்டேங்குது?" என்று கேட்டேன். தாத்தா சிரித்தார். "அந்த வண்டியிலே பத்து மூட்டை நெல்லை ஏத்திப் பாருடா பேராண்டி, அப்புறம் தெரியும்" என்றார்.

அந்த ஒரு வரியின் பொருள், இயற்பியல் மாணவனாகி மோட்டார் கார்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு முழுமையாக விளங்கிற்று. கார் நிறுவனங்கள் சில, ஒரே காரை இரண்டு வடிவங்களில் விற்கின்றன. ஒன்று சாலைக்கு, மற்றொன்று பந்தயத் திடலை மனத்தில் கொண்டு செய்யப்படுவது. இரண்டாவது உயர்ந்தது, முதலாவது தாழ்ந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரிதானா?

ஜெர்மனியின் போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்வோம். 2019இல் வந்த அதன் சாதாரண வடிவமான கரேராவுக்கு 385 குதிரைத்திறன்; உச்ச வேகம் மணிக்கு 293 கி.மீ. 2022இல் வந்த பந்தய வடிவமான ஜிடி3 ஆர்எஸ்ஸுக்கு 525 குதிரைத்திறன். உச்ச வேகம் 296 கி.மீ. குதிரைத்திறன் 140 கூடியும் வேகம் கூடியது வெறும் 3 கி.மீ! மீதித் திறன் எங்கே போயிற்று?

விடை அதன் முதுகில் இருக்கிறது. கூரைக்கும் மேலே எழும்பி நிற்கும் பெரிய இறக்கை, விமானத்தின் இறக்கைக்கு நேர்மாறாக, காரைத் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. காரின் மற்ற பாகங்களும் இதற்குத் துணை செய்ய, 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ எடையை மேலே வைத்ததற்குச் சமமான அழுத்தம் கிடைக்கிறது. காரின் சொந்த எடையோ சுமார் 1450 கிலோதான். உராய்வு விசை செங்குத்து விசையைப் பொறுத்தது என்று படித்திருக்கிறோம். மூட்டைகளை ஏற்றினாலும் அழுத்தம் கூடும். ஆனால் நிறையும் கூடிவிடும். காற்றோ நிறையைக் கூட்டாமல் பிடிப்பை மட்டும் கூட்டுகிறது. எனவே வளைவுகளில் இந்தக் கார் தடுமாறாமல் விரைகிறது. அதற்கு விலையாக நேர்ப்பாதையில் காற்றின் எதிர்ப்பைத் தாங்குகிறது. பின் இருக்கைகளும் இல்லை; முன்புறச் சாமான் அறை இருக்கவேண்டிய இடத்தில் ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. இந்த அழுத்தம் ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். மதுரை நகருக்குள் நாம் போகும் 40 கி.மீ. வேகத்தில் அது எவ்வளவு? சுமார் 17 கிலோ. ஓர் அரிசிச் சிப்பத்தின் எடைகூட இல்லை! கீழவாசல் நெரிசலில் அந்த இறக்கை வெறும் அலங்காரமே. பந்தய டயரும் பிரேக்கும் இப்படித்தான். நன்கு சூடேறிய பின்னரே அவை முழுமையாகப் பிடிக்கும். பள்ளக்கோடுகள் குறைந்த அந்த டயர்கள் மழைநீரை வெளியேற்றத் திணறும்.

நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. டாட்டா மோட்டார்சும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்சும் கூட்டாக 2018இல் டியாகோ ஜேடிபி என்னும் காரை வெளியிட்டன. அப்போதைய சாதாரண பெட்ரோல் டியாகோவுக்கு 85 குதிரைத்திறன். இதற்கு டர்போ எஞ்சின் பொருத்தி 114 ஆக்கினார்கள். டயரை அகலமாக்கினார்கள். ஆனால் காரின் உயரத்தை எவ்வளவு குறைத்தார்கள் தெரியுமா? 4 மில்லிமீட்டர்! இது திடலுக்கான கார் அன்று. நம் சாலையில் ஓடவேண்டிய கார் என்பதை அவர்கள் மறக்கவில்லை. அதன் விற்பனை 2020இல் நின்றுபோனாலும், அந்த 4 மில்லிமீட்டர் எனக்கு மறக்காது.

காரணம், என் அண்ணன் தம் பழைய காரை 50 மில்லிமீட்டர் தாழ்த்தினார். பந்தயக் கார்போலத் தெரியவேண்டும் என்பதற்காக, பட்டறை ஒன்றில் ஸ்பிரிங்குகளை இரண்டிரண்டு சுற்று அறுக்கச் சொன்னார். சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பது நாம் ஆய்வகத்தில் கண்டதே. திடலின் வழவழப்பான தளத்தில் விறைப்பு நன்மை செய்யும். மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். எழும்பிய சக்கரத்துக்கு உராய்வு ஏது? ஓர் ஐப்பசி மழை இரவில் ஒத்தக்கடைக்கு அருகே சாலைத் தழும்பு ஒன்றில் கார் துள்ளி, வழுக்கி, நடுச்சுவரில் மோதியது. அண்ணனுக்குக் காரை எலும்பு முறிந்தது. ஓராண்டு உழைத்து எழுத்துத் தேர்வில் வென்ற காவலர் வேலைக்கு, உடல்தகுதித் தேர்வு அடுத்த வாரம். அவர் போகவில்லை. அன்று அம்மா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

வேகத்தை விரும்புவது குற்றமன்று. அதற்கென்று இடங்கள் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், நம் முன்னோர் அம்பாசடரையும் பியட்டையும் திருத்தியமைத்துப் பந்தயம் விட்டார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளத் திடல் அமைந்தது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் ஒரு திடல் உண்டு. அங்கே எதிரே லாரி வராது. ஆடு குறுக்கே ஓடாது. பந்தய நாளில் ஆம்புலன்ஸ் காத்து நிற்கும்.

மாணவ நண்பர்களே! பந்தயக் கார் என்பது எல்லாம் கூடிய கார் அன்று. ஒன்றைப் பெறுவதற்காகப் பலவற்றை விட்டுக்கொடுத்த கார். விட்டுக்கொடுத்தவை அத்தனையும் நம் சாலைக்குத் தேவையானவை. வள்ளுவர் ‘இடனறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தது வீணுக்கன்று. பட்டறையில் ஸ்பிரிங்கை அறுக்கச் சொல்லுமுன் என் தாத்தாவின் பத்து மூட்டை நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.